வெந்த பாஸ்தாவுக்குத்தான் பயப்பட வேண்டும்

கேள்வி: ஆஃபரில் கிடைத்ததே என்று மூன்று அரைக்கிலோ பாஸ்தா பாக்கெட் வாங்கிவிட்டேன். ஒன்றைப் பிரித்து பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்தேன். மூன்று மாதத்தில் பழுப்பு நிற வண்டு ஓடுகிறது. இன்னொன்றைப் பிரிக்கவே இல்லை, ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூன்றாவது கேழ்வரகு பாஸ்தா. அதில் ஒரு மாதிரி வாடை வருகிறது. மாடியில் ஒரு நாள் காயப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். வாரம் இரண்டு நாள் டிபன் பாக்ஸுக்குப் பாஸ்தாதான். காலையில் நேரம் கிடைப்பதில்லை என்பதால் இரவே வேகவைத்து வடித்து, மூடி, அடுப்பு மேடையிலேயே வைத்துவிடுவேன். காலையில் தாளித்துக் கொடுத்துவிடுவேன், இதுவரை ஊசிப்போனதில்லை. பாஸ்தா கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்படி வைத்திருந்தால் கெடாது?
— வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

வண்டையும் தேதியையும் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது கடைசி விஷயம், இரவு முழுக்க அடுப்பு மேடையில் இருக்கும் அந்த வெந்த பாஸ்தா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

அரிசி, கோதுமை போன்ற தானியங்களில் மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பாக்டீரியா உண்டு. பெயர் பேசில்லஸ் சீரியஸ். காய்ந்த பாஸ்தாவில் அது விதை மாதிரி, கெட்டியான உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் வெந்தாலும் அந்த உறைக்குள் இருப்பது சாகாது. சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும். கூட இருந்த மற்ற கிருமிகளெல்லாம் வெந்நீரில் செத்துப்போயிருப்பதால் போட்டிக்கும் ஆளில்லை. மூடிய பாத்திரத்துக்குள் குவியலாக இருக்கும் பாஸ்தா மெதுவாகத்தான் ஆறும். உங்கள் ஊர்ச் சமையலறையில் ராத்திரியிலும் 28, 30 டிகிரி இருக்கும். ஈரம், மாவுச்சத்து, இளஞ்சூடு மூன்றும் எட்டு மணி நேரம் கிடைத்தால் அது பெருகும். அதில் சில வகைகள் செருலைடு என்ற நஞ்சையும் சுரக்கும்.

காலையில் தாளிக்கும் சூட்டில் பாக்டீரியா சாகலாம், ஆனால் நஞ்சு அழியாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் அது தாக்குப்பிடித்ததாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நம் குக்கருக்குள் இருக்கும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். எண்ணெயில் புரட்டினாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் பயனில்லை.

“இதுவரை ஊசிப்போனதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசிப்போவது என்பது வேறு கிருமிகளின் வேலை. அவை புளிப்பு வாடையையும் வழவழப்பையும், தொட்டால் நூல் இழுப்பதையும் கொண்டுவந்து நம்மை எச்சரித்துவிடும். செருலைடுக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. நன்றாக மணக்கிற பாஸ்தாவிலும் அது இருக்கலாம். அதனால்தான் வெந்த பாஸ்தாவை மூக்கை நம்பி எடைபோடக் கூடாது. எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் இந்த நஞ்சு வயிற்றுக்குள் போனால் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். ஒரு நாளில் சரியாகிவிடும். ‘ஏதோ ஒத்துக்கவில்லை’ என்று நாமும் மறந்துவிடுவோம். ஆனால் அரிதாக அது கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடும். 2008-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாளாகச் சமையலறையில் வெளியே இருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டார். அரை மணியில் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி. மறுநாள் காலை பார்க்கும்போது உயிர் இல்லை. அதே நாட்டில் 2003-இல் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் ஐந்து பேர் பாஸ்தா சாலட் சாப்பிட்டு நோயுற்றார்கள். ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். மிஞ்சிய சாலட்டை அந்த வீட்டில் ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஃபிரிட்ஜுக்குள் 14 டிகிரி இருந்தது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இத்தகைய மரணங்கள் மிக மிக அரிது. ஆனால் தடுப்பது இத்தனை எளிதாக இருக்கும்போது, ஏழு வயதுக் குழந்தை விஷயத்தில் வாரம் இரண்டு முறை அந்த வாய்ப்பை ஏன் எடுக்க வேண்டும்?

முடிந்தால் பாஸ்தாவைக் காலையிலேயே வேகவையுங்கள். வெங்காயம், காய்கறி நறுக்குவது, தக்காளி வதக்குவது ஆகியவற்றை இரவே முடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் தண்ணீர் கொதித்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடந்தான் ஆகும். சிறிய மக்ரோனி என்றால் ஏழெட்டு நிமிடம். சீக்கிரம் வேகட்டும் என்று காய்ந்த பாஸ்தாவை இரவே தண்ணீரில் ஊறப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் பட்டுவிட்டால் அதுவும் ஈரமான மாவுதான். வெளியே வைத்தால் அதுவும் கெடும். அதையும் செய்ய வேண்டாம்.

இரவேதான் வேகவைக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர்களின் கணக்கு. உப்பைப் பாதியாகக் குறைத்தாலும் குறையில்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். உடனே குடிக்கிற தண்ணீரை மேலே ஊற்றி அலசுங்கள். சாஸ் ஒட்டாது என்பதால் அலசக் கூடாது என்று சமையல் குறிப்புகளில் சொல்வார்கள். உடனே பரிமாறும்போது அது சரி, எடுத்து வைக்கும்போது சீக்கிரம் ஆறுவதுதான் முக்கியம். நன்றாக உதறி நீரை வடித்து, ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் பிசறி, பெரிய தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே வையுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்துவிடும். அகலமான, உயரம் குறைந்த டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். முழுக்க ஜில்லென்று ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெதுவெதுப்பாக இருப்பதை உள்ளே வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடாது. அடுப்பிலிருந்து இறக்கியதிலிருந்து உள்ளே போவது வரை இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சமையலறை 32 டிகிரிக்கு மேல் கொதிக்கிற சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரந்தான் கணக்கு.

ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி இருக்க வேண்டும். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் முதல்முறை திறக்கும்போதே பாருங்கள். அடிக்கடி திறந்து மூடுகிற, திணித்து அடைத்த பல வீட்டு ஃபிரிட்ஜ்களில் 8, 10 என்று காட்டும். கதவின் உள்பக்கத் தட்டு எப்போதுமே சூடு கூடிய இடம். வெந்த பாஸ்தாவை அங்கே வைக்காதீர்கள். கரன்ட் போனால் கதவைத் திறக்காதவரை நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதற்கு மேல் போனால் வெந்த பாஸ்தாவைக் கொட்டிவிடுங்கள்.

இப்படி வைத்த வெறும் பாஸ்தா மூன்று நாள் வரும். பால், கிரீம், சீஸ், முட்டை, கோழி சேர்த்துக் கிளறியது என்றால் என் கணக்கு இரண்டு நாள். காலையில் எடுக்கும்போது விறைப்பாக, மங்கலாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். பலர் இதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாவுச்சத்து குளிரில் இறுகுவதால் வருவது அது. பழைய இட்லி கெட்டியாவது மாதிரிதான். கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் இளகிவிடும். கெட்டதன் அடையாளம் வேறு: விரலில் உருட்டினால் சளி மாதிரி வழுக்கும், பிரித்தால் மெல்லிய இழை வரும், டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை முட்டும், இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி விழுந்திருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் முழு டப்பாவையும் கொட்டிவிட வேண்டியதுதான். கழுவிவிட்டு வேகவைக்கிற வேலை வேண்டாம்.

அடுத்தது டிபன் பாக்ஸ். காலை ஏழரைக்குக் கட்டி, பன்னிரண்டரைக்குப் பிள்ளை திறக்கிறான் என்றால் அங்கேயே ஐந்து மணி நேரம். சாதாரண எவர்சில்வர் டப்பாவில் அது ஒரு மணி நேரத்தில் வெதுவெதுப்பாகி, மிச்ச நேரம் முழுக்கக் கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே கிடக்கும். இதற்கு ஒரே நல்ல வழி சூடு தாங்கும் ஃபிளாஸ்க் வகை டப்பா. அதில் முதலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அதற்குள் பாஸ்தாவை ஆவி பறக்கும்வரை, நடுவிலும் 75 டிகிரி வரும்வரை சூடாக்கிக்கொள்ளுங்கள். டப்பாத் தண்ணீரைக் கொட்டியதும் விளிம்பு வரை நிரப்பி மூடிவிடுங்கள். பாதி டப்பா சீக்கிரம் ஆறிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதேபோல் கட்டி, ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்து, சமையல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 60 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்ல டப்பா. 50-க்குக் கீழே போயிருந்தால் அந்த டப்பா பாஸ்தாவுக்கு உதவாது. பிள்ளைக்கு வேறு ஏதாவது கொடுத்துவிட்டு, பாஸ்தாவை வீட்டில் இருக்கும் நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தக்காளிப் புளிப்பு காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். தனியாகத் தக்காளி விழுதுக்கு அந்தக் குணம் ஓரளவு உண்டு. பாஸ்தாவோடு கலந்ததும் புளிப்பு நீர்த்துவிடும். அதை நம்ப முடியாது.

இனி, நீங்கள் அதிகம் கவலைப்பட்ட காய்ந்த பாஸ்தாவுக்கு வருவோம். இங்கே நிம்மதியாக இருக்கலாம்.

பாஸ்தா கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் இல்லாததுதான். டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, மணிக்கணக்கில் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். ஈரப்பதம் 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இத்தாலியச் சட்டம். இந்திய உணவுப் பாதுகாப்புத் தரமும் அதே எண்ணைத்தான் சொல்கிறது. அந்த அளவில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர முடியாது. அதனால் ஈரமும் பூச்சியும் படாமல் சீலோடு இருக்கும் சாதாரண ரவைப் பாஸ்தாவில், ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது ருசிக்கும் தரத்துக்கும் கம்பெனி தரும் உத்தரவாதம். அந்த நாள் தாண்டினால் அது நஞ்சாகிவிடுவதில்லை. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்று அச்சிட்டிருந்தால் அந்தத் தேதியை மதியுங்கள். அதிலும் குளிர்பெட்டியில் விற்கிற ஈரப் பாஸ்தாவில் ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது. இத்தாலியில் பாக்கெட் ஈரப் பாஸ்தாவுக்குக் குறைந்தது 24 சதவீத ஈரப்பதம் இருக்க வேண்டும், 4 டிகிரியில் வைக்க வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. இவ்வளவு ஈரம் உள்ள பண்டத்தைக் காய்ந்த பாஸ்தாவோடு ஒரே தட்டில் எடைபோடக் கூடாது. பிரித்துவிட்டால் இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

எல்லாக் காய்ந்த பாஸ்தாவும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். முழுக்கோதுமை, கேழ்வரகு, கம்பு போன்றவற்றில் தவிடும் முளையும் சேர்ந்தே அரைபடுகின்றன. அவற்றில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. அந்த எண்ணெய் காற்றும் சூடும் பட்டால் சிக்குப்பிடிக்கும். உங்கள் கேழ்வரகுப் பாஸ்தாவின் ‘ஒரு மாதிரி வாடை’ அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி: ஒரு பிடியை டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவுக்குக் கொதிநீர் ஊற்றி, தட்டால் மூடி இரண்டு நிமிடம் விடுங்கள். திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். கேழ்வரகுக் களி கிண்டும்போது வருகிற மண்வாசனை வந்தால் நல்லது. பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததுபோல, அல்லது பெயின்ட், மெழுகு மாதிரி அடித்தால் காறிப்போய்விட்டது. ஒரு துண்டை மென்றால் தொண்டையில் காறலாக, கசப்பாக நிற்கும். காறிப்போனதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை, எறிந்துவிடுங்கள். மக்கின வாடை, மழைக்காலத்து ஈரச்சாக்கு வாடை வந்தால் அது பூஞ்சை; அதை வாயில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். பூஞ்சை சுரக்கும் நஞ்சுகளில் பல, வேகவைத்தாலும் போகாது.

மசாலா பாக்கெட்டோடு வரும் பாஸ்தா என்றால் முதலில் கெடுவது அந்தச் சின்னப் பாக்கெட்தான். அதில் பால்பொடி, சீஸ்பொடி, எண்ணெய் எல்லாம் இருக்கும். குலுக்கினால் பொடியாக ஓடாமல் கட்டியாகக் கிடந்தாலோ, நிறம் கருத்திருந்தாலோ அதை எறிந்துவிட்டுப் பாஸ்தாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சாதாரணப் பாஸ்தாவில் பார்த்ததும் பயப்படத் தேவையில்லாத சில அடையாளங்கள் உண்டு. உடம்பில் அங்கங்கே அமுங்கிய வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பிசையும்போது நீர் சரியாகப் படாத ரவையோ, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழோதான் அது. நகத்தால் சுரண்டினால் வராது. பூஞ்சை என்றால் மேலே பஞ்சுபோல் இருக்கும், சுரண்டினால் பொடியாக வரும், பச்சையோ சாம்பலோ கறுப்போ நிறம் இருக்கும். அடுத்தது தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல்கள். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது பாஸ்தாவின் வெளிப்புறம் சுருங்கி விரிவதால் வருபவை அவை. சாப்பிட ஆபத்தில்லை, ஆனால் வேகும்போது உடைந்து, தண்ணீர் கஞ்சியாகிவிடும். மஞ்சள் நிறம் வெளுத்திருந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடிக் கதவு ஓரம் வெயிலில் அடுக்கியிருக்கும் பாக்கெட்டைக் கடையில் எடுக்காதீர்கள். ஸ்பகெட்டியாக இருந்தால் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். ‘டக்’ என்று ஒடிந்து, ஒடிந்த முகம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்ன வேண்டும். வளைந்து கொடுத்து, பிறகு சத்தமில்லாமல் ஒடிந்தால் நமுத்துப்போயிருக்கிறது, ஈரம் ஏறிவிட்டது.

வண்டு விஷயத்துக்கு வருகிறேன். எந்த வண்டு என்று தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். டப்பாவின் அடியில் சேர்ந்திருப்பதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டரில், தட்டையாக, செம்பழுப்பாக, வேகமாக ஓடினால் அது மாவு வண்டு. முகத்தில் மூக்கு மாதிரி நீண்டிருந்து, பாஸ்தாவில் குண்டூசித் துளைகளும் இருந்தால் அது அரிசி வண்டு. மெல்லிய ஒட்டடை கட்டி, நான்கைந்து துண்டுகள் ஒன்றாக ஒட்டியிருந்தால் அந்துப்பூச்சியின் புழு. தூசு மாதிரி வெளிறிய பொடிப் பூச்சிகள் ஊர்ந்தால் அவை ஈரமான இடத்தில் வருபவை. அலமாரியில் ஈரம் இருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி.

அரிசி வண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதுதான் அதிகம். பெண் வண்டு தானியத்தில் ஒரு குழி குடைந்து, உள்ளே ஒரு முட்டை வைத்து, மேலே பிசின் போல அடைத்துவிடும். வெளியே ஒன்றுமே தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, 30 டிகிரிச் சூட்டில் நான்கைந்து வாரத்தில் வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மாவில் அதனால் இப்படிக் குடித்தனம் நடத்த முடியாது. கெட்டியாக, முழுசாக ஏதாவது வேண்டும். பாஸ்தா அதற்கு ஒரு பெரிய அரிசிமணி மாதிரி. பாஸ்தா டப்பாவுக்குப் பக்கத்தில் அரிசி டிரம், பயறு டப்பா எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் துளைக்கக்கூடிய வண்டுகளும் உண்டு. துளைக்கத் தெரியாதவை, உறை ஒட்டிய மடிப்பிலுள்ள இடுக்கு வழியாக நுழையும்.

இதைச் சாப்பிட்டிருந்தால் ஆபத்தா என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு அரிசி வண்டு வயிற்றுக்குள் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மாவு வண்டு குவினோன் என்ற காரமான பொருளைச் சுரக்கும். அதிகமானால் பாஸ்தாவில் நெடி ஏறிவிடும். ஓடுகிற வண்டு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுவாக இருக்கலாம். நெடியோ, அடியில் பொடியோ, துளையோ இருந்தால் உறையில் இறுக்கக் கட்டி அன்றைக்கே வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

மாமியார் சொல்லும் வெயில் வைத்தியம் தப்பானதல்ல. பருப்புக்கும் ரவைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பலன் தந்த முறை. தூத்துக்குடி மொட்டைமாடி வெயிலில் வண்டு எழுந்து ஓடியே போய்விடும். பாஸ்தாவுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. துண்டுக்கு உள்ளே இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் போதிய சூடு எட்டாமல் போகலாம். வெயிலில் பாஸ்தா வெளுக்கும். சாயங்காலம் கடல்காற்று ஈரத்தோடு அடிக்கும்போது விரிசல் விடும். இதற்குப் பதில் ஃபிரீசர். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் இருந்தால் முட்டையிலிருந்து வண்டுவரை எல்லாம் செத்துவிடும். உங்கள் ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு வகையாக இருந்தால் அந்தக் குளிர் வராது. பத்து நாள் விட்டுவிடுங்கள். காற்றுப் புகாத உறையில் கட்டித்தான் உள்ளே வைக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பிரிக்கவே கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த பாஸ்தாவின் மேலேயே காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாகப் படியும். பிரிக்காமல் விட்டால் அந்த ஈரம் உறைக்கு வெளிப்புறத்தில் படிந்து காய்ந்துவிடும். புதுப் பாக்கெட் வாங்கியதும் இதைச் செய்துவிட்டு டப்பாவில் கொட்டினால், கடையிலிருந்தே முட்டையோடு வந்திருந்தாலும் கவலையில்லை.

அலமாரியையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் இறக்கி, தட்டின் மூலை, ஆணித்துளை, விரித்த பேப்பரின் அடி எல்லாம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கிளறிப் பெருக்கி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, எலும்பு மாதிரிக் காயவிட்டுத்தான் திரும்ப அடுக்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். வசம்பு, வேப்பிலை, பிரிஞ்சி இலை போடலாமா என்றால், புதிதாக வருவதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. வாசனையைப் பாஸ்தா இழுத்துக்கொள்ளும் என்பதால் டப்பாவுக்கு வெளியே, தட்டில் போடுங்கள்.

டப்பா எப்படி இருக்க வேண்டும் என்றால், மூடியில் ரப்பரோ சிலிக்கோனோ வளையம் இருக்க வேண்டும். சோதிக்க, முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் காற்றும் ஈரமும் அதே வழியாக உள்ளே போகும். அரைக்கிலோ மக்ரோனிக்கு ஒன்றரை லிட்டர் டப்பா போதும். ஸ்பகெட்டிக்கு 30 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். கழுவிய டப்பாவை ஒரு நாளாவது காயவிட்டுக் கொட்டுங்கள். மூடியின் வளையத்தைக் கழற்றி அதன் பள்ளத்தையும் துடையுங்கள், ஈரமும் மாவும் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். பழையது மிச்சம் இருக்கும்போது அதன்மேல் புதியதைக் கொட்டாதீர்கள். பாக்கெட்டின் தேதி அச்சிட்ட பகுதியைக் கத்தரித்து டப்பாவில் ஒட்டிவிடுங்கள். அடுப்புக்கு மேலேயும், ஃபிரிட்ஜின் சூடு வரும் பக்கத்திலும், சிங்குக்குக் கீழேயும், சோப்பு, மசாலா பக்கத்திலும் வைக்க வேண்டாம். காய்ந்த பாஸ்தாவை ஃபிரிட்ஜில் வைப்பதும் வேண்டாம், எடுக்கும்போதெல்லாம் வேர்க்கும்.

இவ்வளவும் செய்கிறவர்கள்கூடச் செய்கிற ஒரு தப்பு உண்டு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பாக்கெட்டையோ டப்பாவையோ அப்படியே பாத்திரத்துக்கு மேலே சாய்த்துக் கொட்டுவார்கள். அந்த ஆவி உள்ளே புகுந்து, மிச்சப் பாஸ்தாவின் மேல் படிந்துவிடும். உடனே மூடிவிடுவதால் வெளியேறவும் வழியில்லை. பூட்டிய டப்பாவுக்குள் பூஞ்சை எப்படி வந்தது என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அடுப்பிலிருந்து தள்ளி நின்று, வேண்டியதை ஒரு தட்டில் அளந்து எடுத்து, டப்பாவை மூடிவிட்டு, பிறகு தட்டிலிருந்து கொட்டுங்கள்.

தேதி தாண்டிய அந்தப் பிரிக்காத பாக்கெட்டை என்ன செய்வது? சீல் பிரியவில்லை, துளை இல்லை, உள்ளே ஒட்டடையோ பொடியோ இல்லை என்றால், ஒரு பிடியைக் கொதிநீரில் போட்டு முகர்ந்து பாருங்கள். வெறும் கோதுமை வாசனை வந்தால் தாராளமாகச் சமைக்கலாம். பழசு என்பதால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாமல், இரண்டு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து இறக்குங்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வேகவையுங்கள்.

இதுவரை கொடுத்ததில் உங்கள் மகனுக்கு எதுவும் ஆகவில்லை என்றால் இனிமேல் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எப்போதாவது சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுத்தால், வாந்தி நின்ற பத்து நிமிடம் கழித்து ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தியை நிறுத்த நீங்களாக மாத்திரை கொடுக்க வேண்டாம். குடித்தது எதுவும் தங்கவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கூப்பிட்டால் மந்தமாக விழிக்கிறான், கண் மஞ்சளாகத் தெரிகிறது — இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மிச்சமிருக்கும் உணவைக் கொட்டாமல் மூடி எடுத்துக்கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டான், அது எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.